தலையெண்ணிப் பூட்டுகிற நியாயம்

பத்துப் பிள்ளைகள்கூட இல்லாத கிராமப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு உபாத்தியாயர்களும் ஒரு சத்துணவு அமைப்பாளரும் ஒரு சமையலரும் எதற்கு என்று கேட்பது விவேகத்துக்கும் சிக்கனத்துக்கும் அடையாளமாக மதிக்கப்படுகிற காலம் இது. கோயம்புத்தூரிலும் அதைச் சூழ்ந்த திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களிலும் படித்தவர்கள் நாலு பேர் கூடிக் கல்வியைப் பற்றிப் பேசினால், அந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும், சிற்றூர்களிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை ஒரு பெரிய பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்னும் யோசனையில் வந்துதான் நிற்கிறது. இந்த யோசனையைச் சொல்பவர்கள் எல்லாரும் கல்விக்குப் பகைவர்கள் என்று நான் எண்ணவில்லை; அவர்களில் பலர் ஏழைப் பிள்ளைகளிடம் மெய்யான பரிவு உள்ளவர்கள். ஆயினும் அவர்கள் கைக்கொண்டிருக்கும் அபிப்பிராயம் அடியோடு பிழையானது என்பதும், அது காரியத்துக்கு வருமானால் இந்த நாட்டில் யாருக்கு வேறு போக்கிடம் இல்லையோ அவர்களுடைய பிள்ளைகளுக்கே முதற்கேடு விளையும் என்பதும் என் திடமான நம்பிக்கை.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் பலம் குன்றாமல் எடுத்துச் சொல்வதே முறை. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 2016-17 கணக்குப்படி நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ஏறக்குறைய 28 சதவீதத்தில் முப்பதுக்கும் குறைவான மாணவர்களே இருந்தார்கள். ஓராசிரியர் பள்ளிகள் 1,08,017. அவற்றுள் 85,743 பள்ளிகள் ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் வரை நடத்துபவை. இத்தகைய பள்ளிகளுக்கு நல்ல நூலகமும் விளையாட்டுச் சாதனங்களும் தனித்தனிப் பாட ஆசிரியர்களும் தருவது இயலாது, ஒருவரே பல வகுப்புகளையும் பல பாடங்களையும் சுமக்க நேரிடுகிறது, ஆதலால் பள்ளிகளைத் தொகுதியாக்க வேண்டும் என்பது அக்கொள்கையின் தர்க்கம். எந்தப் பிள்ளைக்கும் பள்ளி எட்டாமற்போகாது என்று உறுதியான இடத்தில் மட்டுமே, மிகுந்த நிதானத்தோடு, ஒருங்கிணைப்பு நடக்கவேண்டும் என்ற எச்சரிக்கையும் அதே ஏட்டில் இருக்கிறது. ஆனால் கொள்கை ஏட்டிலிருந்து உத்தரவாக இறங்கும்போது எச்சரிக்கை உதிர்ந்துபோய் எண் மட்டும் மிஞ்சிவிடுகிறது. 2025 ஜூன் மாதத்தில் உத்தரப் பிரதேச அரசு, மாணவர் குறைந்த பள்ளிகளை அடுத்த பள்ளிகளோடு இணைக்க உத்தரவிட்டது. பெற்றோரும் பிள்ளைகளும் நீதிமன்றப் படியேறி வழக்காடிய பிறகுதான், ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பள்ளியோடு இணைப்பதில்லை என்றும், ஐம்பதுக்கு மேல் மாணவர் உள்ள பள்ளியைத் தொடுவதில்லை என்றும் அரசு இறங்கிவந்தது. தூரத்தைப் பற்றிய விதி 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டத்தை ஒட்டிய விதிகளில் முன்னமே இருந்தது என்பதை இங்கே மறந்துவிடலாகாது.

நம்முடைய மாநிலத்தில் அவ்வளவு முரட்டுத்தனமாக எதுவும் நடந்துவிடவில்லை என்பது உண்மை. 2019-ஆம் ஆண்டில், ஒரு மாணவர்கூட இல்லாமற்போன 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்றுவது என்ற முடிவு, கோபிசெட்டிபாளையத்துக்காரரான கே. ஏ. செங்கோட்டையன் கல்வியமைச்சராக இருந்தபோது எடுக்கப்பட்டது. 2025-இல் மாணவரில்லாத அரசுப் பள்ளிகள் இருநூற்றுக்கு மேல் என்ற செய்தி வெளிவந்து பெரிய சர்ச்சையாயிற்று. பூஜ்யமான பள்ளியைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. அதைப் பின்னால் ஒரு வார்த்தை சொல்வேன். ஆறும் ஒன்பதும் பதினான்குமாகப் பிள்ளைகள் இன்னும் வந்துகொண்டிருக்கிற பள்ளிகளைப் பற்றியதே என் கவலை. இன்று ஒன்பதாக இருப்பதை நாளைக்குப் பூஜ்யமாக்குகிற காரியத்தை மேற்படி அபிப்பிராயமே பாதி செய்து முடித்துவிடுகிறது என்பதனாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில், பள்ளி ஏன் சிறியதாக இருக்கிறது என்ற கேள்வி. எதிர்க்கட்சியார் இதைக் கேட்பதே இல்லை. சிறுமையை ஒரு நோயின் அறிகுறியாக வைத்துக்கொண்டு நேரே சிகிச்சைக்குப் போய்விடுகிறார்கள். கொங்கு நாட்டின் பூமி அமைப்பு காவேரிக் கழிமுகத்தின் அமைப்பு அன்று. தஞ்சைப் பக்கத்தில் வாய்க்கால் பாசனமும், அதை ஒட்டி நெருங்கிய தெருக்களும், தெருக்கள் கூடி ஊரும் அமைந்தன. இங்கேயோ கிணற்றுப் பாசனத்தை நம்பிய குடியானவன் தன் கிணற்றையும் கட்டுத்தறியையும் விட்டு அகலமுடியாதவனாய்த் தோட்டத்திலேயே சாளை கட்டிக்கொண்டு வாழ்ந்தான். ஆகவே பாளையம், வலசு, புதூர், பதி, பட்டி என்று முடியும் பெயர்களோடு நூறு வீடு, ஐம்பது வீடு, சில இடங்களில் இருபது வீடு கொண்ட குடியிருப்புகள் காடுதோட்டங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. இப்படிச் சிதறிய ஜனத்தொகைக்குப் பள்ளி கட்டினால் அது சிறிய பள்ளியாகத்தான் இருக்கும். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானபோது அவருக்குக் கல்வியமைச்சராக வாய்த்த சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சி வட்டாரத்துச் செங்குட்டைப்பாளையத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தச் சிதறலை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐந்நூறு பேர் வாழும் ஊருக்கெல்லாம் பள்ளி, ஒரு மைல் நடைக்குள் தொடக்கக் கல்வி என்ற நோக்கத்தைக் கொண்டு அந்த அரசும், அதன் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவும் ஊர் ஊராகத் திறந்த ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகள், பிள்ளைகள் குறைந்தால் குறையட்டும், நடை குறையவேண்டும் என்ற தீர்மானத்தோடு திறக்கப்பட்டவை. அந்தத் தீர்மானத்தின் பலனை அனுபவித்துப் படித்து உயர்ந்த தலைமுறையினரே இன்று அந்தப் பள்ளிகளின் சிறுமையை ஒரு குற்றமாகப் பேசுவதைக் காண எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

இரண்டாவது காரணம் எளிய கணக்கு. ஐந்நூறு பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு நாற்பது குழந்தைகள் என்ற விகிதத்தை ஒட்டிப் பிறப்புகள் நடந்த பழைய நாளில், அவ்வூரில் ஆண்டுக்கு இருபது குழந்தைகள் பிறந்து, சிசு மரணத்துக்குத் தப்பியவர்கள் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்ந்து எழுபது எண்பது பேராவது இருந்திருப்பார்கள். தமிழ்நாட்டின் இன்றைய பிறப்பு விகிதம் ஆயிரத்துக்குப் பதினான்குக்கும் குறைவு. அதே ஊரில் இப்போது ஆண்டுக்கு ஏழு குழந்தைகள், ஐந்து வகுப்புகளுக்கு முப்பத்தைந்து பேர். மாநிலம் முழுவதிலும் பிறப்பு குறைவதற்கு முன்பே குறையத் தொடங்கியது கொங்கு நாட்டில். ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் இங்கே மிகுதி. ஆகையால் முப்பத்தைந்தும் இருபத்தைந்தாகிவிடுகிறது. அந்த இருபத்தைந்தில் பாதிக்கு மேல் காலையில் தனியார் பள்ளி வேன் ஏறிப் போய்விட்டால் பள்ளியில் மிஞ்சுவது பத்து அல்லது பன்னிரண்டு. சிறு குடும்பத்தை ஒரு தேசக் கடமையாகப் போதித்த சர்க்கார், அந்தப் போதனையை முதலில் ஏற்றுக்கொண்ட பிரதேசத்தின் பள்ளியைப் பார்த்து உன்னிடம் பிள்ளைகள் குறைவு என்று தண்டிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

வேன் ஏறிப் போகிறவர்களைப் பற்றியே எதிர்க்கட்சியார் அதிகம் பேசுகிறார்கள். பெற்றோர் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள், அரசுப் பள்ளி நன்றாக நடந்தால் பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வி நேர்மையானதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பு எந்த வயதில், எந்த நிலையில் எழுதப்படுகிறது என்று பார்க்கவேண்டும். ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒரு பிள்ளையை ஐந்து வயது முடிந்த பிறகே சேர்த்துக்கொள்கிறது. தனியார் பள்ளியின் மஞ்சள் வேனோ மூன்றரை வயதிலேயே எல்.கே.ஜி.க்கு வாசலில் வந்து நிற்கிறது. 2019-இல் நம் அரசு மழலை வகுப்புகளைத் தொடங்கியபோது, அவற்றை நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடி மையங்களிலேயே தொடங்கியது; சிறிய தொடக்கப்பள்ளிக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. மூன்றரை வயதில் போன பிள்ளை ஐந்து வயதில் திரும்பி வருவதில்லை. இதற்கும் மேலே ஒன்று உண்டு. கல்வியுரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அவர்களுக்கான கட்டணத்தை அரசே தருகிறது. தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கை எல்.கே.ஜி.யிலேயே தொடங்குகிறது. எளிய பிள்ளைக்கு எந்தக் கதவும் திறக்கட்டும். அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் தன் பள்ளிக்கு மழலை வகுப்பைத் தராமல், தன் ஊர்ப் பிள்ளையை அடுத்த ஊர்த் தனியார் பள்ளிக்குத் தன் பணத்தாலேயே அனுப்பிவைத்துவிட்டு, பிறகு தன் பள்ளியில் பிள்ளை குறைந்துவிட்டதென்று கணக்கெழுதுவது நிர்வாகமாகுமா?

ராசிபுரமும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் மதிப்பெண் விளைவிக்கும் விடுதிப் பள்ளிகளால் மாநிலம் முழுவதும் பெயர்பெற்றவை. ‘பிராய்லர் பள்ளி’ என்ற பெயரும் அவற்றுக்கு வழங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பின் மதிப்பெண்ணை நினைத்து மூன்று வயதிலேயே பயந்துபோகிற மனோபாவம் இந்தப் பிரதேசத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்தப் பயத்துக்கும், ஊர்ப் பள்ளியில் ஒரு உபாத்தியாயினி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அகரம் எழுதக் கற்றுக்கொடுப்பது நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

இன்னொரு சம்பந்தம் இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்ல நாம் கூசுகிறோம். வேன் ஏறிப் போனவர்கள் யார், மிஞ்சியவர்கள் யார்? பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டை விரித்தால், பெரும்பாலான இடங்களில் அந்த ஊரின் அருந்ததியர் குடியிருப்பைச் சேர்ந்த தினக்கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளும், தாய்வழிப் பாட்டி வீட்டில் விடப்பட்ட பிள்ளைகளும், தென்மாவட்டங்களிலிருந்து மில்லுக்கும் கோழிப்பண்ணைக்கும் வந்தவர்களின் பிள்ளைகளும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்து தென்னந்தோப்புக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தவர்களின் பிள்ளைகளுமே காணப்படுவார்கள். மகனைக் கட்டணப் பள்ளிக்கும் மகளை ஊர்ப் பள்ளிக்கும் அனுப்புகிற வழக்கத்தை நாடெங்கும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம்முடைய பதிவேடுகளும் அதற்கு விலக்கல்ல. நிலமும் வாகனமும் உள்ள குடும்பங்கள் ஊர்ப் பள்ளியை விட்டு விலகியதற்குக் கல்வித் தரம் மட்டுமே காரணம் என்று நம்புகிறவர்கள், 2018 ஜூலையில் அவிநாசி வட்டத்துத் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும்: அரசு உயர்நிலைப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் ஓர் அருந்ததியப் பெண் சமைக்கக்கூடாது என்று ஊரார் ஒரு பகுதியினர் தடுத்தார்கள், அதிகாரிகளும் முதலில் அவரை இடம் மாற்றினார்கள், கண்டனம் எழுந்த பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், கரூர் மாவட்டத்து வேலஞ்செட்டியூர் ஒன்றியப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் உண்ணாதபடி பெற்றோர் தடுத்தபோது, மாவட்ட ஆட்சியரே நேரில் போய் அங்கே உண்ணவேண்டியதாயிற்று. சமைக்கும் கையைப் பார்த்துப் பள்ளியை ஒதுக்குகிறவர்களின் விலகலையும் சேர்த்தெண்ணி, இதுவும் பெற்றோர் தீர்ப்பு, இதற்குப் பணிந்து பள்ளியைப் பூட்டிவிடுவோம் என்று ஒரு ஜனநாயக அரசு சொல்லலாமா? அப்படிச் சொன்னால், ஒதுக்கியவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒதுக்கப்பட்டவனுடைய பிள்ளை பள்ளியையும் இழக்கிறது.

ஆகவே இந்தப் பள்ளிகளைப் பற்றி எத்தனை பேர் என்ற கேள்விக்கு முன்னால் யார் என்ற கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதே என் கட்சி. பதினொரு பிள்ளைகள் உள்ள பள்ளி என்று சொல்வதற்கும், வேறெந்தப் பள்ளிக்கும் போக வழியில்லாத பதினொரு பிள்ளைகளும் படிக்கிற பள்ளி என்று சொல்வதற்கும் மிகுந்த வித்தியாசம் இருக்கிறது. முன்னதைக் கேட்டால் மூடலாமென்று தோன்றும். பின்னதைக் கேட்டவன் அப்படிச் சொல்லத் தயங்குவான்.

எண்ணிக்கையும் நிலையானதாக இல்லை. ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்க ஆகஸ்டு முதல் தேதியன்று பதிவேட்டில் உள்ள தொகையை எடுத்துக்கொள்கிறார்கள். அத்தொகைக்கு வேண்டியதற்கு மேற்பட்ட ஆசிரியர்கள் உபரியாகிப் பணிநிரவலில் வேறிடம் போகிறார்கள். செங்கல் சூளைக்கு வேலையாட்கள் வருவது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி தை மாதங்களில். மழை தொடங்கினால் புறப்பட்டுவிடுவார்கள். ஆகஸ்டுக் கணக்கில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு இடமில்லை. கரும்பு வெட்டுக்கு வருகிறவர்களின் பிள்ளைகளும் அப்படியே. மூன்று பிள்ளைகளை உடைய ஒரே குடும்பம் தோப்பு மாறிப் போனால் பன்னிரண்டு ஒன்பதாகிறது; இரண்டு குடும்பங்கள் வந்தால் பதினைந்தாகிறது. பெரிய பள்ளியில் நூற்றில் மூன்று பேர் வந்துபோவதை யாரும் கவனிப்பதில்லை. சிறு பள்ளியில் அதே மூன்று பேர் ஒரு பணியிடத்தின் விதியையே மாற்றிவிடுகிறார்கள். ஒரு நாளின் கணக்கைக் கொண்டு இத்தகைய பள்ளியின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரிய அநீதி.

தேயிலைத் தோட்ட ஊரான வால்பாறையைப் பார்த்தால் இந்த விவகாரத்தின் முழு உருவமும் தெரியும். 2001-இல் சுமார் 95 ஆயிரமாக இருந்த அவ்வூர் ஜனத்தொகை, 2011-இல் சுமார் 71 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளி லயன் வீட்டைக் காலிசெய்ய வேண்டும், கூலியோ குறைவு, மக்கள் சமவெளிக்கு இறங்கிக் கோவையிலும் திருப்பூரிலும் பனியன் கம்பெனிகளில் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பெய்யும் இடமென்று பெயர்பெற்ற, வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாரில், எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அரசுத் தொடக்கப்பள்ளி, கடைசியில் ஒரே மாணவனும் ஒரே ஆசிரியருமாக நின்று, அந்த மாணவனும் வெளியேறியதும் சில ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்டது. இப்பள்ளி காலியானதற்குக் கரும்பலகையையோ உபாத்தியாயரையோ குறைசொல்ல முடியுமா? கூலியும் குடியிருப்பும் காலிசெய்த ஊர் அது.

அவ்வாறு காலியான லயன்களில் இப்போது வடகிழக்கிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் குடியேறியிருக்கின்றன. வீட்டில் சாத்ரியோ வங்காளமோ அஸ்ஸாமியோ பேசுகிற குழந்தை, தோட்டத்துப் பள்ளியில் உட்கார்ந்து தமிழில் எழுத்துக்கூட்டுகிறது. மூடலாமென்ற பட்டியலில் அடிக்கடி வந்துபோகிற பள்ளிகளுக்குப் புதிய பிள்ளைகள் இவர்கள். பள்ளியைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு மூன்று மைலுக்கு வாகனம் விடுகிறோம் என்றால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடக்கிற பாதை எப்படிப்பட்டதென்று நினைக்கவேண்டும். 2025-இல் மட்டும், வால்பாறைத் தோட்டங்களில் குடியிருப்பை ஒட்டிய இடத்திலேயே, ஜூனில் ஒரு சிறுமியைச் சிறுத்தையும் ஆகஸ்டில் ஒரு சிறுவனைக் கரடியும் கொன்றன; இருவரும் வெளிமாநிலத் தொழிலாளர் குழந்தைகள். வாசலே இப்படி இருக்கையில், விடியற்காலையில் வாகனம் வந்து நிற்கும் முக்குவரை ஆறு வயதுப் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது? காலை ஏழு மணிக்கே பச்சைக்கொழுந்து பறிக்கப் போகவேண்டிய தாயா?

சீன தேசத்தில் இந்தப் பள்ளி இணைப்பைச் செய்துபார்த்தார்கள். 2001-ஆம் ஆண்டு முதல் கிராமப் பள்ளிகளை ஒன்றுசேர்க்கும் கொள்கையைத் தீவிரமாக நடத்தி, பத்தாண்டுகளில் கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள் விடுதிகளில் தங்கவும், நெடுந்தூரம் நெரிசலான வண்டிகளில் பிரயாணம் செய்யவும் நேர்ந்தது. 2011 நவம்பரில் கான்சு மாகாணத்தில், ஒன்பது பேர் ஏறக்கூடிய வண்டியில் அறுபதுக்கு மேற்பட்டவர்களை அடைத்துச் சென்ற மழலைப் பள்ளி வாகனம் மோதிக் குழந்தைகள் பத்தொன்பது பேர் மாண்டபோது தேசமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டு அமைச்சரவை, கண்மூடித்தனமான பள்ளி இணைப்பை நிறுத்த உத்தரவிட்டது. பூட்டிய பள்ளியைத் திறப்பது பூட்டுவதைப் போல எளிதன்று.

மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தில் பாடம் வேறு. அங்கே மாணவர் குறைந்த உதவிபெறும் பள்ளிகளை ஆதாயமற்றவை என்று தனியே வகைப்படுத்திவைத்தார்கள். கோழிக்கோட்டு மலாப்பறம்புப் பள்ளியின் கட்டடத்தை 2014-இல் நிர்வாகியே இடித்தபோது ஊர் மக்கள் போராடினார்கள். 2016-இல் அரசு அதையும் அத்தகைய வேறு பள்ளிகளையும் தானே ஏற்றுக்கொண்டது. ஆதாயம் என்பதைப் பள்ளியின் அளவுகோலாக வைப்பதில்லை என்று ஓர் அரசு தீர்மானிக்க முடியும் என்பதற்கு அண்டை மாநிலத்திலேயே நமக்குச் சாட்சி இருக்கிறது.

செலவைப் பற்றிய வாதம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்து, ஒரு பிள்ளைக்கு இவ்வளவா என்று வியக்கிறார்கள். பள்ளியை மூடினால் அந்தச் சம்பளம் மிஞ்சுகிறதா? இல்லை, ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போகிறார், சம்பளம் அவர் பின்னால் போகிறது. மிஞ்சுவது சமையலரின் சொற்ப ஊதியமும் சுண்ணாம்படிக்கிற செலவும். பிற்காலத்தில் ஒரு பணியிடத்தை நிரப்பாமல் விட்டால்தான் மெய்யான மிச்சம் உண்டாகும். அப்படியானால் சிக்கனத்தின் மெய்யான நோக்கம் ஆசிரியர் பதவிகளைக் குறைப்பதே என்று நேராகச் சொல்லட்டும், அதைத் தனியே விவாதிப்போம். கல்வியுரிமைச் சட்டம் அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று விதித்தபோது, ஆறு பிள்ளைகளானாலும் இரண்டு என்றுதான் அதற்குப் பொருள். கிர் காட்டிலுள்ள பாணேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகப் பல தேர்தல்களில் தனி வாக்குச்சாவடி அமைத்து அதிகாரிகளை அனுப்பிய தேசம் இது. ஒரு வாக்குக்கு இவ்வளவா என்று யாரும் வகுத்துப் பார்க்கவில்லை, உரிமை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். 2002-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 21-ஏ பிரிவு கல்வியையும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறது.

இனி, சிறு பள்ளியில் படிப்பு வராது, ஒரே அறையில் ஐந்து வகுப்பும் உட்கார்ந்தால் என்ன கற்பார்கள் என்பது. இதைச் சொல்பவர்கள் தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியின் அண்மைச் சரித்திரத்தை அறியாதவர்கள். செயல்வழிக் கற்றல் என்ற முறையை, எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் பரப்பினார். அந்த முறை எங்கே பிறந்தது? ஆந்திரத்து மதனப்பள்ளிக்கு அருகே, ரிஷி வேலிப் பள்ளியைச் சுற்றிய சிற்றூர்களில், ஒரே ஆசிரியரும் இருபது முப்பது பிள்ளைகளுமாக நடந்த பள்ளிகளில், பத்மநாப ராவ், ரமா தம்பதியர் அட்டைகளையும் ஏணிப்படியையும் அமைத்து உருவாக்கியது அது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்து, அவரவர் எட்டிய படியிலிருந்து கற்பது எப்படி என்ற கேள்விக்கு, பெரிய பள்ளிகளால் விடை காண முடியாதபோது, சிறு பள்ளியே விடை கண்டது. இன்றைய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை வகுப்பால் மட்டும் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று எட்டிய நிலையால் பிரிக்கிறது. கூட்டுப் படிப்பு சிறு பள்ளிக்குப் பழைய வழக்கம்.

ஒன்றை மட்டும் நான் மறுக்கவில்லை. இரண்டு ஆசிரியரில் ஒருவர் மாற்றுப்பணிக்குப் போய், மற்றவர் கைப்பேசியில் எமிஸ் என்னும் கல்வித் தகவல் பதிவுகளை ஏற்றிக்கொண்டும், கூட்டத்துக்கு வட்டாரத் தலைமையகம் போய்வந்துகொண்டும் இருந்தால், அந்தப் பள்ளியில் படிப்பு நடவாது. அதைப் பார்த்த பெற்றோர் பிள்ளையை எடுத்துக்கொண்டு போவது நியாயமே. ஆனால் அதற்குப் பரிகாரம் இரண்டாவது ஆசிரியரைத் திரும்ப அனுப்புவது. முதல் ஆசிரியரையும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவது பரிகாரமாகாது.

ஆகவே நான் கேட்பது புரட்சி எதுவும் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஊர்ப் பள்ளியிலேயே மழலை வகுப்பு வைக்கட்டும். ஆகஸ்டு முதல் தேதிக் கணக்கோடு பிப்ரவரி மாதக் கணக்கையும் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்க்கட்டும். சூளைக்கும் தோப்புக்கும் வருகிற குடும்பங்களின் பிள்ளைகளை, மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாசலில் நிறுத்தாமல், வந்த வாரமே பதிவேட்டில் எழுதட்டும். உண்மையாகவே பிள்ளையற்றுப்போன பள்ளியாக இருந்தால், கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்துப் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்காமல் விடட்டும். சின்னக்கல்லார் போன்ற இடங்களுக்கு மறுபடியும் குடும்பங்கள் வரமாட்டா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மற்ற இடங்களில், மூடல் என்ற சொல் கோப்பில் ஏறுவதற்கு முன்பாக, வட்டாரக் கல்வி அலுவலர் அந்தக் குடியிருப்புக்குப் போய், பள்ளி வயதுள்ள ஒவ்வொரு பிள்ளையும் எங்கே படிக்கிறது, எப்படிப் போகிறது, யார் செலவு செய்கிறார்கள், எந்தப் பிள்ளை எங்குமே போகவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவில் அதைப் படித்துக் காட்டட்டும். அந்தக் கணக்கு இணைக்கப்படாத எந்தக் கோப்பிலும் மாவட்ட ஆட்சியரோ இயக்குநரோ கையெழுத்திட வேண்டியதில்லை.